வெறுங்கொக்கி

சாமிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் பறிக்கும் கொழுந்து, தேயிலை ஆலையான ஸ்டோருக்குப் போக மூன்று வழிகள் இருந்தன. மேட்டுக் குடிசையிலிருந்து ஆற்றைத் தாண்டி நேரே ஸ்டோர் வாசலில் இறங்கும் நேர்க்கம்பி ஒன்று. அதே குடிசையிலிருந்து மறுபக்கமாக, தலவாக்கலை ரோட்டு வளைவில் இருக்கும் மடுவம் என்ற கொழுந்துக் கொட்டகைக்கு இறங்கும் வளைவுக் கம்பி இன்னொன்று. அங்கிருந்து லொறி அள்ளிக்கொண்டு போகும். இரண்டும் முடியாத நாளில் ஆட்கள் தலைச்சுமையாகக் கணவாய்ப் பாதையில் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே முகத்தைச் சுளித்துக்கொண்டாவது வாங்கிக்கொள்வார்கள்.

எந்த மூட்டை எந்த வழியில் போவது என்று ஆபீசிலிருந்து யாரும் சொல்வதில்லை. மேட்டுக் குடிசையில் கம்பிக்குப் பிரேக் பிடிக்கும் ஆண்டியப்பன் தன் கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்த்து முடிவு செய்வான். அவன் பார்ப்பது கொக்கியை.

ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு கொக்கிகள். கொழுந்து மூட்டை மாட்டிய கொக்கி தன் பாரத்தில் கீழே இறங்கும்போது, கீழே கிடக்கும் கொக்கி அதே இழுப்பில் மேலே ஏறி வரும். ஏறி வருவதில் காலிச் சாக்குக் கட்டு தொங்கினால் கீழே கொட்டியாகிவிட்டது, இடம் இருக்கிறது, அடுத்ததை விடலாம். வெறுங்கொக்கி வந்தால் இடமில்லை. அப்போது ஆண்டியப்பன் அந்தக் கம்பியை நிறுத்திவிட்டு மற்றதில் விடுவான். இரண்டிலும் வெறுங்கொக்கி வந்தால், மேலே மலைக்குக் காலிச் சாக்கு கொடுத்தனுப்ப அவனிடம் ஒன்றும் இருக்காது. சாக்கு வராவிட்டால் மேல்கணக்குக் கங்காணி வீரய்யா இரண்டு கெட்ட வார்த்தை பேசிவிட்டு ஆட்களைக் கணவாய்ப் பக்கம் திருப்பிவிடுவார். யாரும் யாரையும் கேட்பதில்லை. கம்பி போட்ட நாளிலிருந்து அப்படியே பழகிப்போயிற்று. மண் சரிந்தாலும் லொறி படுத்தாலும் கொழுந்து எப்படியோ ஒரு வழி பிடித்துப் போய்ச் சேர்ந்துவிடும்.

வளைவு மடுவத்தில் இருந்தவள் காளியாயி. மூட்டையை இறக்கி, கட்டவிழ்த்து, கொழுந்தைப் பலகைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, லொறி வந்ததும் ஏற்றிவிட்டு, காலிச் சாக்குகளை மடித்துக் கட்டிக் கொக்கியில் மாட்டுவது அவள் வேலை. சில வருஷங்களுக்கு முன் செங்குத்து மலையில் கூடையோடு சறுக்கி விழுந்தவள். இடுப்பு எலும்பு சரியாகக் கூடவில்லை. வலது காலை இழுத்துத்தான் நடப்பாள். மலை ஏற முடியாதவளுக்குத் தோட்டத்தில் வேறு வேலை கிடையாது. மடுவ வேலை இருந்ததால் வளைவில் அவளுக்கு ஓர் ஒற்றையறைக் காம்பரா, ஒரு அடுப்பு, தன் பேரில் வரும் அரிசி. அது போய்விட்டால் வலப்பனைப் பக்கம் தம்பி சோலைமலையின் வீட்டுக்குத்தான் போக வேண்டும். தம்பிக்கு ஆறு பிள்ளைகள். அக்காள் வந்து பிள்ளை பார்க்கட்டும் என்று அவன் ஆள் மேல் ஆளாகச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தான். புருஷன், ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பலேறியவன், வரவேயில்லை.

ஆண்டியப்பனின் பெண்சாதி முதல் பிரசவத்தில் போனவள், பிள்ளையும் தங்கவில்லை. அதன்பிறகு அவன் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு இறங்குவதைக் குறைத்துக்கொண்டான். பிறகு குடிசையிலேயே தங்கிவிட்டான். மேட்டில் எந்நேரமும் காற்று. மூட்டை கொண்டுவருகிறவர்கள் தொப்பென்று இறக்கிவிட்டு, சாக்கை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்தக் குளிரில் நின்று பேச யாருக்கும் மனசு வராது. பேச்சென்று அவனுக்கு வருவது கம்பியின் கிறீச்சு மட்டும்தான்.

வளைவு மடுவம் கம்பி வழியாகக் கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் மேல். பாதை வழியாகப் போனால் பாதி நாள். பனியில்லாத காலையில் மடுவத்துத் தகரக் கூரையும், அதன் வாசலில் ஒரு புள்ளி அசைவதும் தெரியும். அந்தப் புள்ளிதான் காளியாயி. அவள் காய்ச்சலில் கிடந்த நாட்களில் வேறு யாரோ மாட்டும் கட்டு கோணலாக வரும். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. நேரில் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். போன தை மாதம் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் இரண்டு பேரும் மருந்துக்கு நிற்க நேர்ந்தது.

"மேட்டுல நீங்கதானே?" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஆமாங்க."

"மூட்டைய கொஞ்சம் பாத்து விடுங்க. வர்ற வரத்துல என் மண்டைய பேத்துரும் போல இருக்கு. யாரு மேல கோவம் ஒங்களுக்கு?"

அன்றிலிருந்து வளைவுக் கம்பியில் கடைசிக் கொஞ்ச தூரம் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மூட்டையை இறக்கிவைப்பதுபோல விட்டான். அன்றிலிருந்தே இன்னொன்றும் மனசில் இருந்தது. அவளிடம் கேட்க வேண்டும். நேரில் கேட்க வேண்டும். ஆடித் திருவிழாவுக்கு அவள் கோயிலடிக்கு வருவாள், அப்போது கேட்டுவிடலாம் என்று வைத்திருந்தான். அதுவரைக்கும் அவள் அந்த வளைவில் இருக்க வேண்டும். அவன் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

வைகாசியில் கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. அறுபத்திரண்டாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமையும் மலை போட்டு வேலை வாங்கினார்கள். அந்த வாரம் திங்கட்கிழமை காலையில் நேர்க்கம்பியில் இழை தெறித்துச் சுருண்டு நின்றது. ஆண்டியப்பன் பிரேக்கை இறுக்கிப் பிடித்ததால் மூட்டை ஆற்றில் விழவில்லை. ஸ்டோரிலிருந்து ஆள் வந்து பார்த்து, புதுக் கம்பி கொழும்பிலிருந்து வந்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனான். நேர்க்கம்பிக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

முழுக் கொழுந்தும் வளைவுக் கம்பிக்குத் திரும்பியது. மத்தியானம்வரை சாக்கு வந்தது. அதற்கு மேல் வெறுங்கொக்கி. மடுவத்துத் தட்டு நிறைந்துவிட்டது, லொறி ஒன்றுதான். ஆண்டியப்பன் நிறுத்தினான். வீரய்யா ஆட்களைக் கணவாய்க்கு அனுப்பினார். பக்கத்துத் தோட்டத்தில் பாதியை வாங்கிக்கொண்டு, அவர்களுக்கே கொழுந்து தாங்கவில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மிச்சத்தோடு சனங்கள் மழையில் நின்று, இருட்டிய பிறகு லயத்துக்குப் போனார்கள். போகிற வழியில் மேட்டுக் குடிசையைப் பார்த்து ஏசினார்கள்.

"கம்பி ஒங்கப்பன் வீட்டுக் கம்பியாடா? நிறுத்துறானாம் நிறுத்துறான்!"

"விடு ராசம்மா. அவருக்குக் கீழ இருந்து உத்தரவு வரலியாம்." கூட வந்தவள் சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். குடிசைக்குள் ஆண்டியப்பன் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தான். சிரிப்பு அடுத்த திருப்பத்தில் மறைகிறவரை ஊதிக்கொண்டேயிருந்தான்.

அன்றைக்கே தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு அலோசியஸ் வளைவு மடுவத்துக்குப் போயிருந்தார். பொல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. துரை அவரை நெருக்கினார், அவர் கீழே இருப்பவர்களை நெருக்கினார். காளியாயியிடம் அவர் சொன்னது, "சாக்கு மேல போகலன்னா ஒன்ன இங்க வச்சிருந்து என்னா பிரயோசனம்? லொறிய நான் பாத்துக்குறேன். நீ சாக்க அனுப்பு." அங்கிருந்து மேட்டுக்கு ஆள் விட்டு ஆண்டியப்பனுக்கும் சொல்லியனுப்பினார்: தான் சொல்லாமல் கம்பி இனி நிற்கக் கூடாது. நின்றால் கத்தி பிடித்துச் செடி வெட்டும் கவ்வாத்து மலைதான்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை. வளைவுப் பக்கம் ஒன்றும் தெரியாமல் வெள்ளையாக மூடிக் கிடந்தது. ஆண்டியப்பன் முதல் மூட்டையை மாட்டினான். மேலே ஏறி வந்த கொக்கியில் சாக்குக் கட்டு இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்டாக்கு இரண்டாவது லொறி போட்டிருப்பார் என்று நினைத்தான். மூட்டை கொண்டுவந்த ராசம்மா, நேற்று ஏசியவள், மழைக்குப் போர்த்திய படங்கைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"இன்னைக்கி ஓடுது பாத்தீங்களா அண்ணே? நேத்து நாங்க கத்துன கத்துல கம்பிக்கே ரோசம் வந்துருச்சு."

"வந்தா சரி."

"நீங்க ஒரு நாளைக்காவது ரெண்டு வார்த்த சேத்துப் பேசுங்களேன். வாயில என்ன பிரேக்கா?"

அவன் சிரித்தான். அவள் காலிச் சாக்குக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் போனாள்.

பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகு வந்த கட்டு ஒன்று அவிழ்ந்துபோயிருந்தது. திரும்பக் கட்டுவதற்காக ஒரு சாக்கை உதறினான். வெளிப்பக்கம் மழையில் நனைந்திருந்தது. உள்ளே கையை விட்டான். காய்ந்திருந்தது. எலிப் புழுக்கை இரண்டு உள்ளங்கையில் வந்தது.

கொழுந்து கொட்டிய சாக்கு கோடையிலேயே உள்ளே ஈரமாக இருக்கும். ஒன்றிரண்டு இலை ஒட்டிக்கொண்டிருக்கும். பச்சை மணம் அடிக்கும். இது பரணில் கிடந்த சாக்கு. ஆண்டியப்பன் கட்டிலிருந்த மற்றச் சாக்குகளையும் விரித்துப் பார்த்தான். எல்லாமே அப்படித்தான். காலையிலிருந்து வந்தவை எல்லாம் மேலே போய்விட்டன. அவற்றை அவன் உதறிப் பார்த்திருக்கவில்லை, அவள் கட்டிய கட்டாயிற்றே என்று.

கீழே என்ன நடந்திருக்கும் என்று அவனால் நினைத்துப் பார்க்க முடிந்தது. லொறி வரவில்லை. மழைக்கு ரோட்டில் எங்கோ மண் இறங்கியிருக்கும். தட்டு நிறைந்து, தரை நிறைந்து, மூட்டைகள் கட்டவிழ்க்காமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். அடியில் இருப்பதில் கையை விட்டால் சுடும். சூடேறிய கொழுந்து சிவந்துபோகும். சிவந்ததை ஸ்டோர் டீமேக்கர் தொடமாட்டார். மேல்கணக்கு முழுக்க அரைநாள் சம்பளம், அரைப்பேர்தான் விழும். அதற்கு நடுவே அவள் காலை இழுத்துக்கொண்டு பரணில் ஏறி, பழைய சாக்கை இறக்கி, மடித்து, கட்டி, மாட்டிக்கொண்டிருக்கிறாள். வெறுங்கொக்கி விட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில்.

பிரேக்கில் கை இருந்தது. அடுத்த மூட்டை மாட்டித் தயாராக நின்றது.

நிறுத்தினால் ஏன் நின்றது என்று பார்க்கக் கண்டாக்கு வளைவுக்குப் போவார். மடுவத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். அவள் வலப்பனைக்குப் போவாள். விட்டுக்கொண்டேயிருந்தால் பரணில் சாக்கு தீர்கிற வரைக்கும் ஓடும், சாயங்காலம் வரைக்கும்கூட ஓடலாம். அதற்குள் லொறி வந்துவிடலாம். வராமலும் போகலாம். அவளைக் கேட்க ஒரு வழியில்லை. கத்தினால் காற்று கொண்டுபோய்விடும். அவளிடமிருந்து அவனுக்கு வரக்கூடிய ஒரே சேதி கொக்கிதான். அதில்தான் அவள் பொய் சொல்லியிருந்தாள்.

வெளியே ராசம்மா அடுத்த மூட்டையோடு வந்து நின்றாள். தலைத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னாண்ணே, புடிச்ச கையோட நிக்கிறீங்க?"

ஆண்டியப்பன் மாட்டியிருந்த மூட்டையைக் கொக்கியிலிருந்து இறக்கினான்.

"கங்காணிகிட்ட போய்ச் சொல்லு. கம்பி நிக்கிது. சாக்கு இல்ல."

"சாக்கு இல்லியா? இந்தா கெடக்கே கட்டு!"

"அது சாக்கு இல்ல."

ராசம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேலே போனாள்.

வீரய்யா குடையோடு இறங்கி வந்தார். கெட்ட வார்த்தைகள் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தன.

"மாப்ளே, நேத்து வாங்கிக்கட்டிக்கிட்டது பத்தலியா ஒனக்கு? கண்டாக்கு என்னா சொல்லி அனுப்பினாரு?"

"நிறுத்தக் கூடாதுன்னாரு."

"பொறகு?"

"நிறுத்திட்டேன் மாமா."

"ஏன்னு கேக்குறேன்."

ஆண்டியப்பன் காலிலிருந்த ஈர மண்ணைப் பலகையில் தேய்த்தான். "பிரேக்குக் கட்ட தேஞ்சு போச்சு."

வீரய்யா பிரேக்குக் கட்டையையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். கட்டை போன மாதம் போட்டது, அவருக்கே தெரியும். ஆனால் அவருக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. பறித்த கொழுந்து மலையெல்லாம் கூடையில் காத்திருந்தது. திட்டிக்கொண்டே திரும்பினார். கணவாய்க்குக் கொஞ்சப் பேரை அனுப்பினார், நேற்று வாங்கிய அளவுக்கு மேல் அங்கே வாங்கமாட்டார்கள் என்று கணக்குப் பண்ணி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, அங்கேயிருந்த சிமெந்துத் தரையில் மிச்சத்தைப் பரப்பச் சொன்னார். அதுவும் நிறைந்தபோது, பறிக்கிறதை நிறுத்தி ஆட்களைப் புல் வெட்டப் போட்டார். எல்லாம் மத்தியானத்துக்குள் நடந்து முடிந்தது. மேல்கணக்குக் கொழுந்தில் பெரும்பகுதி அப்படித்தான் தப்பியது.

வளைவு மடுவத்தில் அதற்கு முன் போய்ச் சேர்ந்தது தப்பவில்லை. மதகடியில் மண் சரிந்து லொறி நின்றிருந்தது. மண்ணை வெட்டித் தள்ளிக்கொண்டு கண்டாக்கு அலோசியஸ் வந்து சேர்ந்தபோது, அடியில் இருந்த மூட்டைகளிலிருந்து புளித்த ஆவி கிளம்பியது.

புதன்கிழமை இரண்டு பேரையும் ஸ்டோருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆண்டியப்பனை முதலில் உள்ளே விட்டார்கள். கண்டாக்கு மேசைக்குப் பின்னால் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். மழையில் நின்றதில் அவருக்குச் சளி பிடித்திருந்தது.

"ஏன் நிறுத்துன?"

"பிரேக்குக் கட்ட சூடாயிருச்சுங்க ஐயா."

"கங்காணிகிட்ட தேஞ்சு போச்சுன்ன."

"தேஞ்சுதாங்க சூடாச்சு."

"கொட்டுற மழையில?"

"மழையிலயுந்தாங்க."

கண்டாக்கு மறுபடியும் மூக்கைச் சிந்தினார். "நீ காலையிலேயே நிறுத்தியிருந்தா அந்தக் கொழுந்தும் தப்பியிருக்கும். நிறுத்தாம விட்டிருந்தா எல்லாம் போயிருக்கும். ஒன்ன ஏசுறதா என்னான்னு எனக்கே தெரியல. ஆனா நீ சொல்றது பொய். வெளிய இரு."

காளியாயி உள்ளே போனாள். வெளியே விறாந்தையில் பலகை பெஞ்சு ஒன்று இருந்தது. ஆண்டியப்பன் உட்காரவில்லை. கதவுக்குள்ளே பேசுவது ஸ்டோர் மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். காலை நீட்டி வைத்துக்கொண்டாள். அவ்வளவு கிட்டத்தில் அவளை அவன் தை மாதத்துக்குப் பிறகு பார்க்கவில்லை. கை விரல்களில் சணல் அறுத்த கோடுகள் இருந்தன.

"சொல்லிட்டேன்," என்றாள்.

"என்னத்த?"

"உள்ளத. காஞ்ச சாக்க நாந்தான் மாட்டுனேன்னு."

"நான் வேற சொல்லியிருக்கேனே."

"அதையும் சொன்னாரு. கட்ட சூடாச்சாமே." அவள் உதட்டைக் கடித்தாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "ஒங்கள கவ்வாத்து மலைக்குப் போடுறேன்னாரு. நான் செஞ்சதுக்கு நீங்க ஏன் கத்தி புடிக்கணும்?"

"நான் புடிச்சிருப்பேன்."

"புடிச்சிருப்பீங்க. எனக்குச் சோறு எறங்குமா?"

ஆண்டியப்பன் தூணில் சாய்ந்தான். இருவருக்கும் நடுவே கூரைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடியே, திடீரென்று கோபமாகக் கேட்டாள்:

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கக் கூடாதா? லொறி மதகுக்கு அந்தப் பக்கந்தான் நின்னுச்சு. எனக்குக் கேட்டுச்சு எஞ்சின் சத்தம். வந்துரும் வந்துரும்னுதான் ஒவ்வொரு கட்டா மாட்டுனேன்."

"எனக்குக் கேக்கலியே."

"கேக்காதுதான்." கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. "அங்க என்னா கேக்கும்."

ஆண்டியப்பன் தூணை விட்டு நிமிர்ந்தான்.

"என்ன சொன்னாரு ஒங்களுக்கு?"

"மடுவத்துக்கு அழகன்னு ஒருத்தர் வர்றாராம். சனிக்கெழமைக்குள்ள காம்பராவ விட்டுறணும். தம்பிக்குச் சேதி போயாச்சு, ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறானாம்."

ஆடி மாதம் வரை காத்திருக்க இனி இடமில்லை. ஆண்டியப்பன் மனசில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

"மேட்டுல காம்பரா இருக்கு. ஒரு ஆளுக்கு அது பெருசு."

காளியாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து நின்றது, வந்த மாதிரியே போயிற்று. கையால் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள்.

"இது அந்த மேடு ஏறுமா? கொக்கியில மாட்டித்தான் என்னைய மேல இழுக்கணும்."

"அப்ப நான் கீழ எறங்குறேன்."

"எறங்கி?"

"வளைவு மடுவத்த எனக்குக் கேக்குறேன். அழகன் மேட்டுக்குப் போகட்டும்."

அவன் அப்படியே திரும்பிக் கண்டாக்கின் அறைக்குள் போனான். வாழ்க்கையில் கூப்பிடாமல் அந்த அறைக்குள் அவன் போனது அந்த ஒரு தடவைதான்.

கண்டாக்கு அலோசியஸ் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு மூக்கைத் துடைத்தார்.

"இப்ப இருக்கறது ஒரே கம்பி. அதுல மூட்டைய ஒடையாம எறக்க ஒன்ன விட்டா யாரு இருக்கா? அழகனுக்குப் பிரேக்குன்னா என்னான்னு தெரியுமா? மொத மூட்டையிலேயே கம்பிய அத்துருவான். புதுக் கம்பி வரட்டும், பாக்கலாம்."

"அது எப்பங்க வரும்?"

"கொழும்புக்காரன்கிட்ட கேளு."

"அதுக்குள்ள அவுங்க போயிருவாங்களே ஐயா."

கண்டாக்கு தலையைக் குனிந்துகொண்டார். "நான் என்னா செய்ய ஆண்டியப்பா. தொர அவ பேர வெட்டச் சொல்லிட்டாரு."

அவன் வெளியே வந்தபோது பெஞ்சில் அவள் இல்லை. பாதையில் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கையில் சாக்குப் படங்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவளும் இதுவரை அவனை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணே என்று சொல்லாமல் இருந்தாள். அதை அவன் எப்போதும் நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமையும் மலை இருந்தது. மழை விட்டிருந்தது. நுவரெலியா போகும் பஸ் வளைவில் வந்து நின்றதை ஆண்டியப்பன் மேட்டிலிருந்து பார்த்தான். கறுப்புக் குடை ஒன்று, பெட்டி ஒன்று, பின்னால் மெதுவாக நகர்ந்த ஒரு சேலை. குடிசை வாசலில் மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. மேல்கணக்குச் சனம் முழுக்கக் கூடையோடு நின்றது. அவன் பிரேக்கை விட்டு இறங்கிப் போனால் எல்லாம் நிற்கும். நிற்கட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. நின்று என்ன, கீழே ஓடி எட்டுவதற்குள் பஸ் தலவாக்கலையைத் தாண்டிவிடும். பஸ் வளைவைச் சுற்றிப் போனது. கொக்கி மேலே வந்தது. அழகன் மாட்டிய கட்டு, ஈரமாக, ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. அவன் அவிழ்த்தெடுத்தான்.

அந்தக் கொழுந்து அழிந்ததைப் பற்றித் துரை மேலே எழுதியிருக்க வேண்டும். ஆனி மாதத்தில் கம்பம் நட்டு, மேட்டுக் குடிசையிலும் வளைவு மடுவத்திலும் மேல்கணக்கிலும் டெலிபோன் பெட்டி மாட்டினார்கள். கைப்பிடியைச் சுற்றினால் மறுபக்கம் மணி அடிக்கும். இனி யார் எப்போது நிறுத்த வேண்டும் என்று ஸ்டோரிலிருந்தே சொல்வார்கள் என்றார்கள். சொன்னார்கள்தான். லைன் அறுந்த நாட்களில் பழையபடி கொக்கியைப் பார்த்தே ஓடியது.

புதுக் கம்பி ஆடி முடிவில் வந்தது. நேர்க்கம்பியில் முதல் மூட்டை இறங்கிய அன்று கண்டாக்கு அலோசியஸ் தானே மேடு ஏறி வந்தார். மூச்சு வாங்கக் குடிசைக்குள் உட்கார்ந்தார். ஆண்டியப்பன் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான்.

"அழகனுக்கு அந்த மடுவம் சரிப்படல. லொறிக்காரன்கூடத் தெனம் சண்ட. நீ அன்னைக்கிக் கேட்ட இல்ல? இப்ப வேணும்னா கீழ எறங்கிக்க. இங்க வேற ஆளு பழக்கலாம்."

ஆண்டியப்பன் கேத்தலை அடுப்போரம் தள்ளி வைத்தான்.

"இங்கயே இருக்கேங்க ஐயா."

"ஏன்யா, நீதானே கேட்ட?"

"அப்ப கேட்டேங்க."

கண்டாக்கு கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். டெலிபோன் மணி அடித்தது. எடு என்று கையால் காட்டினார்.

"மேட்டு அண்ணே!" அழகன் காது கிழியக் கத்தினான். "கேக்குதா? தட்டு காலியா கெடக்கு, விடுங்க விடுங்க! என்னா, பேச மாட்டேங்கிறீங்க?"

"விடுறேன்."

"அங்க மழையா?"

"இல்ல."

"இங்க வெயிலு. சரி, வைக்கிறேன்."

கண்டாக்கு எழுந்து, குடையைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். ஆண்டியப்பன் டெலிபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுபக்கம் வைத்தாகிவிட்டது. ஆனாலும் கம்பிக்குள்ளே காற்று ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் இருந்துகொண்டேயிருந்தது. வாசலில் அடுத்த மூட்டை வந்து தொப்பென்று விழுகிறவரை அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.